கெமிஸ்ட்ரியிலும் பி.ஏ. தான்!

போன விஷுவுக்கு என் பேரன் பெங்களூரிலிருந்து மட்டாஞ்சேரி ஆத்துக்கு வந்திருந்தான். மச்சில் கிடந்த பழைய டிரங்குப் பெட்டியை இறக்கித் தரச் சொன்னேன். மூடியைத் திறந்ததும் மேலாக இருந்தது என் பெரிய தாத்தாவின், அதாவது தாத்தாவுடைய தமையனாரின், டிகிரி சர்டிபிகேட். சென்னை சர்வகலாசாலை முத்திரை, பி.ஏ. பட்டம், பாடம் கெமிஸ்ட்ரி.

"தாத்தா, இதிலே ஏதோ தப்பு இருக்கு. கெமிஸ்ட்ரின்னா பி.எஸ்ஸி. ஆக்குமே?" என்று கேட்டான் பையன்.

தப்பு ஒன்றும் இல்லை. அந்த நாளில் சென்னை யுனிவர்சிட்டியில் சாதாரண பட்டப்படிப்பு எதுவானாலும் பி.ஏ. தான். கணிதம், பௌதிகம், ரசாயனம், தாவரம், பிராணி எல்லாம் அதற்குள்தான் அடக்கம். ஸர் ஸி.வி. ராமன் 1904-ல் பிரஸிடென்ஸி காலேஜில் பௌதிகத்தில் முதலாவதாகத் தேறி வாங்கிய பட்டமும் பி.ஏ. தான். இதை நான் சொன்னதும் பையன் கைபேசியைத் தட்டிப் பார்த்து, "ஆமாம் தாத்தா, சரிதான்" என்றான். நான் சொன்னால் போதாது, அது சொன்னால்தான் அவனுக்கு நம்பிக்கை!

அவன் திரும்பிப் போன பிறகு பெட்டியில் இருந்த மற்ற காகிதங்களையும் புரட்டினேன். நூறு வருஷத்துக்கு முன்னால் நம் பிள்ளைகள் சயன்ஸும் பொருளாதாரமும் வாத்தியார் படிப்பும் எங்கே, எப்படிப் படித்தார்கள் என்பதை நம் அங்கத்தினர்களோடு பகிர்ந்துகொள்ளத் தோன்றியது. எங்கள் குடும்பக் கதையும் இடையில் வரும். பொறுத்துக்கொள்ளவும்.

எர்ணாகுளத்தில் 1845-ல் ஒரு சிறிய ஆங்கிலப் பள்ளிக்கூடமாகத் தொடங்கியது 1875-ல் காலேஜ் ஆயிற்று. ஏ.எஃப். ஸீலி என்ற துரை அதன் முதல் பிரின்ஸிபால். ஆனால் அது வெகுகாலம் 'இரண்டாம் தர' காலேஜாகவே இருந்தது. தரம் மட்டம் என்று யாரும் எண்ண வேண்டாம். அன்றைய சர்க்கார் பாஷையில், மெட்ரிகுலேஷனுக்குப் பிறகு இரண்டு வருஷம் மட்டும் சொல்லிக் கொடுத்தால் இரண்டாம் தரம், பி.ஏ. வரை சொல்லிக் கொடுத்தால் முதல் தரம். முதலில் அந்த இரண்டு வருஷத்துக்கு எஃப்.ஏ. என்று பெயர். 1904-ஆம் வருஷத்து யுனிவர்சிட்டிச் சட்டத்துக்குப் பிறகு வந்த மாறுதல்களில் அது இன்டர்மீடியட் ஆயிற்று.

பாலக்காடு விக்டோரியா, கோழிக்கோடு ஸாமூதிரி காலேஜ், தலசேரி பிரண்ணன் எல்லாமே அந்தக் காலத்தில் இரண்டாம் தரம்தான். இன்டர்மீடியட் தேறிய பையன் மேலே படிக்க வேண்டுமானால் தெற்கே திருவனந்தபுரம், வடக்கே மங்களூர், கிழக்கே திருச்சிராப்பள்ளி, இல்லாவிட்டால் சென்னைப் பட்டணம். எங்கள் மட்டாஞ்சேரியிலேயே இதற்கு நல்ல உதாரணம் ஜூ டவுனைச் சேர்ந்த ஏ.பி. ஸேலம் அவர்கள். 1882-ல் பிறந்தவர். எர்ணாகுளத்தில் படித்துவிட்டுச் சென்னைக்குப் போய்த்தான் பி.ஏ.யும் சட்டப் பட்டமும் வாங்கினார். தம் சமூகத்தில் முதல் பட்டதாரியும் முதல் வக்கீலும் அவரே. பிற்காலத்தில் ஸினகாக்கில் சமமாக உட்காரும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தவர். யூதரானாலும் ஐயரானாலும் அந்தக் கடைசி இரண்டு வருஷத்துக்கு ஊரை விட்டுப் புறப்பட்டே ஆக வேண்டியிருந்தது.

இன்டர்மீடியட் படிக்க மட்டாஞ்சேரியிலிருந்து எர்ணாகுளம் போவதே அப்போது ஒரு யாத்திரை. பாலம் கிடையாது. வெல்லிங்டன் ஐலண்டே கிடையாது. ப்ரிஸ்டோ துரை கொச்சிக்கு வந்ததே 1920-ல். காயலில் மண்ணெடுத்து அந்தத் தீவை உண்டாக்கியது அதற்கப்புறம். காலேஜ் திறப்பதோ இடவப்பாதி மழையில். விடியற்காலை கஞ்சியைக் குடித்துவிட்டு, புஸ்தகத்தை எண்ணெய்த் துணியில் சுற்றிக்கொண்டு, வஞ்சியில் காயலைக் கடந்து போவார்களாம். அக்கரை சேர்வதற்குள் வேஷ்டி பாதி நனைந்திருக்கும். இன்னொரு வேடிக்கை உண்டு. மட்டாஞ்சேரி கொச்சி மகாராஜாவின் ராஜ்யம். நாலு எட்டு நடந்தால் வரும் ஃபோர்ட் கொச்சியோ பிரிட்டிஷ் மலபார் ஜில்லா. இரண்டு சர்க்கார், ஆனால் பரீட்சைக்கு மட்டும் ஒரே சென்னை யுனிவர்சிட்டி.

பெரிய தாத்தா 1913-ல் சேர்ந்தது இன்டர்மீடியட்டில் கணிதம், பௌதிகம், ரசாயனம் அடங்கிய பிரிவு. இங்கிலீஷ் எல்லோருக்கும் உண்டு. இரண்டாம் பாஷைக்கு எங்கள் ஆத்தில் சம்ஸ்கிருதம். ரசாயன லேபரட்டரியைப் பற்றி அவர் சொன்னதாக எங்கள் ஆத்தில் வழிவழியாக ஒரு கதை உண்டு. ஹைட்ரஜன் ஸல்ஃபைட் என்ற வாயு அழுகின முட்டை வாடை அடிக்கும் என்று பாட புஸ்தகத்தில் போட்டிருக்கிறது. முட்டையையே கண்ணால் பார்க்காத பையன்களுக்கு அது எப்படித் தெரியும்? லேபில் அந்த வாயு வந்ததும், "ஓஹோ, அழுகின முட்டை இப்படித்தான் இருக்கும்போல" என்று தலைகீழாகக் கற்றுக்கொண்டார்களாம். ஆத்துக்கு வந்ததும் கொல்லுப்பாட்டி அவரைக் கிணற்றடியில் நிறுத்தி ஸ்நானம் பண்ணின பிறகே உள்ளே விடுவாள்.

1915-ல் பெரிய தாத்தா பி.ஏ.க்குத் திருச்சி ஸெயின்ட் ஜோஸப் காலேஜில் சேர்ந்தார். எர்ணாகுளத்துக்கு ரயில் வந்தது 1902-ல்தான். அதற்குப் பணம் சேர்க்கத் திருப்பூணித்துறை பூர்ணத்ரயீசன் கோவிலின் தங்க நெற்றிப்பட்டங்களை அப்போதைய மகாராஜா விற்ற கதை எல்லோரும் அறிந்தது. அந்தச் சிறிய வண்டியில் ஷொர்ணூர் வரை போய், அங்கே பெரிய வண்டி மாறி, ஈரோடு வழியாகத் திருச்சி. கையில் ஊறுகாய் ஜாடி, இடுப்பில் முடிந்த பணம். அந்தப் பணம் கொல்லுப்பாட்டியின் ஒட்டியாணம். இதை எழுதி வைத்தவர் யாரும் இல்லை, எங்கள் ஆத்தில் எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

பி.ஏ. முடித்ததும் அவர் எல்.டி.க்குப் போனார். இன்று பி.எட். என்கிறோமே, அதற்கு அன்று பெயர் எல்.டி., லைஸென்ஷியேட் இன் டீச்சிங். பி.ஏ.க்கு மேலே ஒரு வருஷம். எல்.டி. என்றால் நம்மவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது சைதாப்பேட்டை. 1856-ல் சென்னையில் நார்மல் ஸ்கூலாகத் தொடங்கி, பிறகு சைதாப்பேட்டைக்குப் போய் ஆசிரியர் காலேஜாக வளர்ந்த இடம் அது. 1910-ஐ ஒட்டித் திருவனந்தபுரம் தைக்காட்டிலும் ஒரு டிரெயினிங் காலேஜ் வந்தது. ஆனாலும் பெரிய தாத்தா போனது சைதாப்பேட்டைக்கே. பாடம் நடத்தும் முறையைப் படித்தால் மட்டும் போதாது. மாதிரிப் பள்ளிக்கூடத்தில் நிஜப் பையன்களுக்கு முன்னால் நின்று பாடம் எடுத்துக் காட்ட வேண்டும், பின் பெஞ்சியில் புரொபஸர் உட்கார்ந்து குறிப்பு எழுதுவார். ரசாயனத்தில் முதுகு வளைந்ததை விட அந்தப் பின் பெஞ்சிக்குப் பயந்ததே அதிகம் என்பாராம். எல்.டி. முடித்தவருக்கு ஹைஸ்கூல் வேலை அநேகமாக நிச்சயம். சயன்ஸ் படித்தவன் சயன்ஸில் ஆராய்ச்சி செய்யலாம் என்ற எண்ணமே அன்று நடுத்தரக் குடும்பத்தில் கிடையாது. வாத்தியார், வக்கீல், குமாஸ்தா, இந்த மூன்றுதான்.

என் சொந்தத் தாத்தாவின் கதைக்கு வருகிறேன். அவர் பெரிய தாத்தாவுக்கு மூன்று வயது இளையவர். கணக்கில் தமையனாரை விடக் கெட்டிக்காரர் என்று ஊரில் பேர். 1918-ல் அதே எர்ணாகுளத்தில் அதே பிரிவில் இன்டர்மீடியட் தேறினார். முதல் உலகப் போரின் கடைசி வருஷம். கொச்சி ராஜ்யம் சாப்பாட்டுக்கு பர்மா அரிசியை நம்பியிருந்த காலம். கப்பல் வருவது குறைந்து அரிசி விலை ஏறியிருந்தது. அந்த வருஷக் கடைசியில் இன்ஃப்ளூயென்ஸாவும் வந்து சேர்ந்தது. விற்பதற்கு இன்னொரு ஒட்டியாணம் ஆத்தில் இல்லை. தாத்தா மட்டாஞ்சேரி பஜாரில் மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்யும் ஒரு மண்டியில் கணக்கு எழுதப் போனார். முப்பத்தெட்டு வருஷம் எழுதினார்.

நான் காலேஜில் சேர்ந்த வருஷம் அவரிடம் கேட்டிருக்கிறேன், வருத்தம் இல்லையா என்று. "அண்ணாவுக்கு ரெண்டு கொல்லம் கூடக் கிடைச்சுது, எனக்குக் கிடைக்கலை. அவ்வளவுதானேடா" என்றார். பிறகு சிரித்துக்கொண்டு, "ராமனும் கணக்குத்தான் எழுதினார், தெரியுமோ?" என்றார். அது வாஸ்தவம். எம்.ஏ.யிலும் முதலாவதாகத் தேறிய ராமன் 1907-ல் ஃபைனான்ஸ் பரீட்சை எழுதி, கல்கத்தாவில் அஸிஸ்டென்ட் அக்கவுண்டன்ட் ஜெனரலாகத்தான் உத்தியோகம் ஏற்றார். பகலில் சர்க்கார் கணக்கு, காலையும் மாலையும் ஆராய்ச்சி. 1917-ல்தான் யுனிவர்சிட்டிப் பதவிக்கு முழுமூச்சாகப் போனார். ஆனால் மிளகு மண்டிக்குப் பக்கத்தில் லேபரட்டரி எதுவும் திறந்திருக்கவில்லை. அதைத் தாத்தா சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

தாத்தா உட்கார்ந்திருந்த பஜாரை நினைக்கும்போது பொருளாதாரம் ஞாபகம் வருகிறது. அன்று பி.ஏ.யில் அது தனிப் பாடமாக நிற்கவில்லை. சரித்திரமும் பொருளாதாரமும் சேர்ந்து ஒரே பிரிவு; சரித்திரத்தின் தோளில் உட்கார்ந்துதான் அது வகுப்புக்குள் வந்தது. பாட புஸ்தகங்களோ இங்கிலாந்துப் பையன்களுக்காக எழுதியவை. லண்டன் விலைக்குத் தினம் மிளகு எடை போட்ட மட்டாஞ்சேரியில் பிறந்தவன், இங்கிலீஷ் ஆலைத் தொழிலாளியின் கூலியைப் பற்றிப் படித்துப் பாஸ் பண்ணினான்.

இதை மாற்ற முயன்றவர் கில்பர்ட் ஸ்லேட்டர். ஆக்ஸ்ஃபோர்டில் ரஸ்கின் காலேஜ் பிரின்ஸிபாலாக இருந்தவர். சென்னை யுனிவர்சிட்டி 1915-ல் இந்தியப் பொருளாதாரத்துக்கென்று பதவி ஏற்படுத்தியபோது முதல் புரொபஸராக வந்தார். அவர் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். மாணவர்களிடம் கேள்வித்தாளைக் கொடுத்து, லீவில் கிராமத்துக்குப் போய் விசாரித்து எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். எத்தனை வீடு, யாரிடம் எவ்வளவு நிலம், கடன் எவ்வளவு, கூலி நெல்லா பணமா? ராமநாதபுரம் ஜில்லா வடமலைபுரம், திருநெல்வேலிப் பக்கம் கங்கைகொண்டான், தஞ்சாவூர்ப் பாலக்குறிச்சி, வடஆற்காட்டுத் தூசி, இப்படிப் பல ஊர்கள். 1918-ல் அது புஸ்தகமாக வந்தது. லீவில் ஊருக்குப் போனால் திண்ணையில் படுத்துத் தூங்கும் பிள்ளைகள், பண்ணையாள் குடிசை வாசலில் போய் நின்று அவன் என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டது அதுவே முதல் தடவையாக இருக்கலாம். ஸ்லேட்டருக்குப் பிறகு அந்தப் பதவியில் இருந்தவர்களில் நம் மலையாள நாட்டுக்காரர்கள் இருவர் உண்டு. ஜான் மத்தாய், பின்னால் சுதந்திர இந்தியாவின் நிதி மந்திரி; அவருக்குப் பின் பி.ஜே. தாமஸ். இந்தத் தாமஸ்தான் கே.ஸி. ராமகிருஷ்ணனோடு சேர்ந்து அதே கிராமங்களை மறுபடி ஆராய்ந்து 1940-ல் வெளியிட்டவர்.

கிராமம் கிராமமாகப் போய் விசாரித்து எழுதும் வேலையை எர்ணாகுளம் காலேஜ் வாத்தியார் ஒருவர் அதற்கும் முன்பே செய்துவிட்டார் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. பாலக்காடு லக்ஷ்மிநாராயணபுரத்தில் 1861-ல் பிறந்த எல்.கே. அனந்தகிருஷ்ண ஐயர்தான் அவர். சென்னை கிறிஸ்டியன் காலேஜில் 1883-ல் பி.ஏ. ஸெட்டில்மென்ட் ஆபீஸ் உத்தியோகம், பிறகு விக்டோரியாவில் வாத்தியார், 1897-லிருந்து எர்ணாகுளம். 1902-ல் கொச்சி ராஜ்யத்து ஜாதிகளையும் மலைவாசிகளையும் பற்றி விவரம் சேகரிக்கும் பொறுப்பைத் திவான் இவரிடம் ஒப்படைத்தார். சம்பளம் இல்லை. வாரம் முழுவதும் காலேஜ், சனி ஞாயிறு காடும் மலையும். 1909-லும் 1912-லும் இரண்டு பெரிய வால்யூம்களாக அது அச்சேறியது. அதைப் பார்த்து அஸுதோஷ் முகர்ஜி இவரைக் கல்கத்தா யுனிவர்சிட்டிக்கு அழைத்துக்கொண்டார். அந்தச் சாஸ்திரத்தை இவருக்கு எந்தக் காலேஜும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுக்க அப்போது நம் நாட்டில் ஒரு வகுப்பே கிடையாது.

1925 ஜூன் 15-ஆம் தேதி எர்ணாகுளம் காலேஜுக்கு மகாராஜாஸ் காலேஜ் என்று பெயர் சூட்டினார்கள். பொன்விழா வருஷம். அப்போது சுமார் 500 மாணவர்கள், 24 ஆசிரியர்கள், லைப்ரரியில் 6,000 புஸ்தகங்கள். பௌதிகம், ரசாயனம், இயற்கை சாஸ்திரம் மூன்றுக்கும் லேபரட்டரி. ஏறக்குறைய இருபது மாணவர்களுக்கு ஒரு வாத்தியார்! அதே வருஷம் ஸெயின்ட் தெரேஸா காலேஜும் எர்ணாகுளத்தில் தொடங்கியது. பி.ஏ. பட்டமும் ஊரோடு கிடைக்கலாயிற்று. 1930-களின் முற்பகுதியில் ரசாயனத்தையே எர்ணாகுளத்தில் பி.ஏ.க்குப் படிக்க முடிந்தது. தாத்தாவுக்கு அது பத்துப் பதினைந்து வருஷம் தாமதம்.

இந்த இடத்தில்தான் நான் எழுதுவதை நிறுத்திவிட்டு இரண்டு நாள் யோசித்தேன். ஊரில் ரசாயன பி.ஏ. வந்துவிட்டது, இனி யாரும் ஒட்டியாணம் விற்க வேண்டாம் என்று சந்தோஷமாக முடித்திருக்கலாம். ஆனால் அந்த லேபரட்டரியில் படித்தவர்களில் ஒருவர் தாக்ஷாயணி வேலாயுதன். எர்ணாகுளத்துக்கு எதிரே காயலில் உள்ள முளவுகாடு தீவில் 1912-ல், புலய சமூகத்தில் பிறந்தவர். அவர் பிறந்த மறு வருஷம், 1913-ல், அந்தச் சமூகத்தினர் தங்கள் முதல் கூட்டத்தைக் காயலில் வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி, தண்ணீர் மேலே நடத்தினார்கள். கரையில் கூட்டம் போட அவர்களுக்கு இடம் கிடையாது. எங்கள் தாத்தாக்கள் புஸ்தக மூட்டையோடு கடந்தார்களே, அதே காயல்தான்.

தாக்ஷாயணி கொச்சி சர்க்கார் ஸ்காலர்ஷிப்பில் மகாராஜாஸில் ரசாயனம் படித்தார். வகுப்பில் மேல்ஜாதி ஆசிரியர் ஒருவர் அவருக்குச் சோதனைகளை அருகில் வைத்துச் செய்து காட்ட மறுத்தார். அவர் தூரத்தில் நின்று, மற்றவர்களுக்குக் காட்டுவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். 1935-ல் பி.ஏ. தேறினார். இந்தியாவிலேயே தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பட்டம் பெற்ற முதல் பெண் அவர் என்பார்கள். 1938-ல் சென்னையில் எல்.டி. முடித்தார். திருச்சூரிலும் திருப்பூணித்துறையிலும் சர்க்கார் ஹைஸ்கூலில் ஆசிரியை. 1946-ல் அரசியல் நிர்ணய சபை அங்கத்தினர். ரசாயன பி.ஏ., பிறகு எல்.டி., பிறகு ஹைஸ்கூல். வரிசையைப் பாருங்கள், எங்கள் பெரிய தாத்தா போன அதே வழி. வித்தியாசம் ஒன்றுதான். பெரிய தாத்தாவை முட்டை வாடைக்காக ஆத்து வாசலில் நிறுத்தினார்கள். குளித்தால் அது போய்விட்டது. நம் பத்திரிகையில் இதை எழுத வேண்டுமா என்று ஒரு நண்பர் கேட்டார். அந்தக் காலேஜின் சரித்திரத்தை எழுதிவிட்டு இதை மட்டும் விட்டால் அது சரித்திரம் ஆகாது என்றேன்.

அதே காலேஜில் கணிதப் புரொபஸராகவும் பின்னால் பிரின்ஸிபாலாகவும் இருந்தவர் நாராயண ஐயர். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கத்துக் கோபாலசமுத்திரம். இவர் ஆத்தில் 1922 அக்டோபர் 8-ஆம் தேதி பிறந்த மூத்த பிள்ளைதான் ஜி.என். ராமச்சந்திரன். அப்பா காலேஜிலிருந்து பெரிய கணித புஸ்தகங்களைக் கொண்டுவந்து பையனுக்குக் கணக்குப் போடக் கொடுப்பாராம். பையன் மகாராஜாஸில் இன்டர்மீடியட் முடித்து, 1939-ல் பௌதிக ஆனர்ஸுக்குப் போன இடம் எது? திருச்சி ஸெயின்ட் ஜோஸப்! எர்ணாகுளத்துப் புரொபஸரின் பிள்ளைக்கும் வண்டி ஏறாமல் முடியவில்லை. பெரிய தாத்தா போய் இருபத்துநாலு வருஷத்துக்குப் பிறகு. ஆனால் 1942-ல் இவர் வாங்கிய பட்டத்தின் பெயர் பி.எஸ்ஸி. ஆனர்ஸ், பேரனுக்கு இதைச் சொன்னால் திருப்தியாக இருக்கும். அப்பாவுக்குப் பிள்ளை ரயில்வே இன்ஜினீயர் பரீட்சை எழுத வேண்டும் என்று ஆசை. டில்லிக்கு அனுப்பி வைத்தார். பிள்ளை வேண்டுமென்றே பரீட்சைக்கு நேரம் தவறிப் போனாராம். அப்புறம் பெங்களூரில் ராமனிடம் ஆராய்ச்சி, சென்னை யுனிவர்சிட்டியில் புரொபஸர் பதவி, கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து கொலாஜன் என்ற புரதத்தின் மூன்று இழைப் பின்னல், 1963-ல் இன்று உலகெங்கும் உயிரியல் மாணவர்கள் படிக்கும் ராமச்சந்திரன் வரைபடம். 2001-ல் காலமானார்.

டிரங்குப் பெட்டியின் அடியில் தாத்தாவின் இன்டர்மீடியட் ரசாயன புஸ்தகம் இருந்தது. அட்டை போய்விட்டது, பூச்சி அரித்திருக்கிறது. முதல் பக்கத்தில் அவர் பெயரும் 1916 என்ற வருஷமும் மையில். ஓரங்களில் சமன்பாடுகளைச் சரிபார்த்த பென்ஸில் குறிப்புகள். கடைசியில் காலியாக இருந்த நாலு பக்கத்தில் அதே கையெழுத்து, அதே பென்ஸில். என்ன எழுதியிருக்கிறது என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். மிளகு, இத்தனை கண்டி, கண்டிக்கு இன்ன விலை, ஈரக் கழிவு போக பாக்கி.

நம் அங்கத்தினர்கள் ஆத்தில் அந்தக் காலத்து மார்க் புஸ்தகமோ, எல்.டி. சர்டிபிகேட்டோ, லேப் நோட்டோ மச்சில் கிடந்தால் பழைய பேப்பர்காரனிடம் போடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். நானே வந்து பார்த்துக்கொள்கிறேன்.